எண்ணெய் துடைத்த துணியை எங்கே போடுகிறீர்கள்?

உங்கள் சமையலறையின் ரப்பர் மர மேடையில் வார்னிஷ் உரிந்துவிட்டதா? முழுவதும் தேய்த்தெடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள் என்பேன். வார்னிஷ் மேலே படலமாக நிற்பது. கீறல் விழுந்தால் நீர் புகுந்து மரம் கறுக்கும். எண்ணெய் மரத்துக்குள் ஊறி இறுகுவதால், கீறிய இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி பூசலாம். (தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது இறுகாது, சிக்கு வாடைதான் மிஞ்சும்.)

ஆனால், ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள உயிர்வளியுடன் வினைபுரிந்தே இறுகுகிறது. அப்போது வெப்பம் வெளிப்படும். மேடையில் அது காற்றோடு போய்விடும். துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாலோ, வெப்பம் உள்ளேயே தேங்கி, சில மணி நேரத்தில் துணி தானாகவே தீப்பற்றலாம். 1991இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்தது. மரப்பலகைகளுக்கு மெருகேற்றியவர்கள் 22ஆவது மாடியில் விட்டுச்சென்ற எண்ணெய்த் துணிகளே காரணம். தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தனர்.

டப்பாவில் பொடி எழுத்தில் எச்சரித்தால் போதாது. கடைக்காரர் வாய்விட்டுச் சொல்லித்தான் விற்க வேண்டும். துணிகளை வெளியே தனித்தனியாக விரித்துக் காயவையுங்கள். இடமில்லையென்றால், நீரில் மூழ்கவைத்து இரும்பு டப்பாவில் இறுக மூடுங்கள்.