விடுமுறைப் பயணமும் பெற்றோர் கடமையும்



ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் பள்ளித் திடலில் ஒரு பேச்சு எழுவதைக் கேட்கிறேன். “நாங்கள் ஆஸ்திரேலியா போகிறோம்”, “நாங்கள் ஐரோப்பா போகிறோம்” என்று சில பிள்ளைகள் பெருமையுடன் கூறுவர். வேறு சில பிள்ளைகள் அப்பேச்சில் கலந்துகொள்ளாமல் தலைகுனிந்து நிற்பர். பால் மரத்தை நம்பி வாழ்ந்த நம் சமுதாயத்தில் இன்று சிலர் பிள்ளைகளுடன் விமானம் ஏறி வெளிநாடு சென்று வருகிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரிய வளர்ச்சியே. அதில் எனக்குச் சிறிதும் மாறுபாடு இல்லை. எனினும், தலைகுனிந்து நிற்கும் அந்தப் பிள்ளைகளின் முகமே என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

சென்ற விடுமுறைக்குப் பின்னர் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் “நான் சென்ற பயணம்” என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். ஒரு மாணவன் தன் பெற்றோருடன் அயல்நாட்டில் மூன்று நகரங்களையும் ஒரு பனிமலையையும் கண்டு வந்தவன். அவன் எழுதியது அரைப்பக்கம். தங்கிய விடுதி, வாங்கிய பொருள், உண்ட பனிக்கூழ் ஆகியவற்றின் பட்டியல் அது. “மலையுச்சியில் மட்டும் பனி ஏன் உருகாமல் இருக்கிறது என்று அப்பாவைக் கேட்டாயா?” என்றேன். “அப்பா படம் எடுத்துக்கொண்டிருந்தார், ஐயா” என்றான்.

மற்றொரு மாணவியின் தாயார் இரவு வேளையில் துப்புரவுப் பணி செய்பவர். தமக்குக் கிடைத்த ஒரு நாள் ஓய்வில் மகளைப் படகேற்றிப் பட்டர்வொர்த்துக்கு அழைத்துச் சென்று, அன்று மாலையே திரும்பிவிட்டார். அம்மாணவி இரண்டு பக்கங்கள் எழுதியிருந்தாள். படகின் பின்னால் வெண்ணுரை எழுவது ஏன், அக்கரையில் தாத்தா மூட்டை சுமந்த இடம் எது, அம்மா அவளுடைய வயதில் முதன்முதலாக இரயிலைக் கண்டபோது எப்படி அஞ்சி ஒளிந்தார் என்பனவெல்லாம் அதில் இருந்தன. எழுத்துப் பிழைகள் பல இருந்தன. ஆயினும், பயணம் செய்தவள் அவளே என்று எனக்குத் தோன்றியது.

பிள்ளை எவ்வளவு தொலைவு சென்றது என்பதில் பயணத்தின் பயன் இல்லை. உடன் சென்ற பெற்றோர் அதனுடன் எவ்வளவு பேசினர் என்பதிலேயே இருக்கிறது. இதுவே என் கருத்து. இதற்கு வரலாற்றிலிருந்து ஒரு சான்று காட்டுகிறேன்.

நேருவும் அவர் மகளும்

பண்டித ஜவஹர்லால் நேரு 1926ஆம் ஆண்டு தம் மனைவி கமலாவின் மருத்துவத்திற்காக ஐரோப்பா சென்றபோது, எட்டு வயது மகள் இந்திராவும் உடன் சென்றார். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் அக்குடும்பம் தங்கியது. அங்குள்ள பன்னாட்டுப் பள்ளியில் இந்திரா பயின்றார். ஏரியும் பனிமலையும் சூழ்ந்த அந்நாட்டை ஒரு சிறுமி தன் தந்தையின் துணையுடன் கண்டாள். 1927ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவர்கள் கப்பலில் கொழும்பு வழியாகத் தாயகம் திரும்பினர்.

அடுத்த கோடையில் மகள் மசூரி மலையில் இருந்தார். தந்தை அலகாபாத்தில் இருந்தார். நேரில் பேச இயலாத தந்தை கடிதங்கள் வாயிலாகப் பேசினார். “ஒரு தந்தை தன் மகளுக்கு எழுதிய கடிதங்கள்” எனப் பின்னர் நூலாக வெளிவந்த அந்த முப்பது கடிதங்களுள் முதலாவது எதைப் பற்றியது தெரியுமா? அரண்மனையைப் பற்றியதன்று, மாநகரத்தைப் பற்றியதும் அன்று. இயற்கையே ஒரு பெரிய நூல் என்று கூறி, ஒரு சிறு கூழாங்கல்லை எடுத்துக்காட்டாகத் தருகிறார். கூர்மையான விளிம்புகளோடு பாறையிலிருந்து உடைந்த கல், மழைநீரில் உருண்டு, ஓடையில் தேய்ந்து, ஆற்றில் மேலும் வழுவழுப்பாகிய கதையைப் பத்து வயது மகளுக்கு விளக்குகிறார். அத்தகைய கல்லைத் தேடி நாம் ஜெனீவா செல்ல வேண்டுமா? தண்ணீர்மலை அடிவாரத்து ஓடையில் குனிந்தால் கையில் அகப்படாதா?

1931ஆம் ஆண்டு பிப்ரவரியில் தம் தந்தை மோதிலாலை இழந்து, உடல்நலமும் குன்றியிருந்த நேரு, மருத்துவரின் அறிவுரைப்படி கமலாவையும் இந்திராவையும் அழைத்துக்கொண்டு இலங்கைக்குச் சென்றார். அப்போது இந்திராவுக்கு வயது பதின்மூன்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் உள்ள நுவரெலியாவில் இரண்டு வாரம் தங்கினர். அங்கு நிகழ்ந்த ஒன்றை நேரு தம் சுயசரிதையில் நெகிழ்ந்து குறிப்பிடுகிறார். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நாள்தோறும் பல கல் தொலைவு நடந்து அவர்களைக் காண வந்தனர். காட்டு மலர்களையும் காய்கறிகளையும் வீட்டில் கடைந்த வெண்ணெயையும் அன்பளிப்பாகக் கொண்டுவந்தனர். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமையால் பெரும்பாலும் பேச இயலவில்லை. ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்ய மட்டுமே முடிந்தது. வறுமையிலிருந்து பிறந்த அந்தக் கொடைகளை நேரு குடும்பத்தினர் மருத்துவமனைக்கும் ஆதரவற்றோர் இல்லங்களுக்கும் அனுப்பிவைத்தனர்.

தோட்டத்துப் பெருமக்களே! அந்த மலையில் வெண்ணெய் கொண்டுவந்தவர்களுள் பெரும்பாலோர் யாராக இருந்திருப்பர்? நம் முன்னோரைப் போலவே தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கடல் கடந்து சென்று, மலைச்சரிவில் வியர்வை சிந்திய நம் இனத்தாரே. செல்வர் வீட்டில் பிறந்த அச்சிறுமிக்கு அப்பயணத்தில் மலைக்காட்சியோடு மனிதர்களும் காட்டப்பட்டனர். பிள்ளைகளைக் கடைவீதிக்கு மட்டும் அழைத்துச் செல்லும் பெற்றோர் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி இது.

இலங்கையிலிருந்து அவர்கள் குமரிமுனைக்கு வந்து, திருவிதாங்கூர், கொச்சி, மைசூர், ஐதராபாத் ஆகியவற்றையும் கண்டு திரும்பினர். அவ்வாண்டின் இறுதியிலேயே நேரு மீண்டும் சிறை புகுந்தார். மகளுடன் கழிக்க அவருக்குக் கிடைத்த காலம் அவ்வளவுதான். 1930ஆம் ஆண்டிலேயே தொடங்கியிருந்த உலக வரலாற்றுக் கடிதங்களைச் சிறைக்குள்ளிருந்து 1933 வரை தொடர்ந்து எழுதினார். கமலா 1936இல் மறைந்தார். அதற்கு மறு ஆண்டு, 1937ஆம் ஆண்டு மே, ஜூன் திங்களில், தந்தையும் மகளும் பர்மாவுக்கும் நம் மலாயாவுக்கும் சேர்ந்து வந்தனர். தாயை இழந்த பத்தொன்பது வயது மகளும் தந்தையும் இம்மண்ணில் நடந்தனர் என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

“எங்களுக்கு ஏது வசதி?”

இதைப் படிக்கும் சிலர், “நேரு செல்வர்; படித்தவர். அவரால் முடிந்தது. எங்களுக்கு ஏது வசதி?” என்று வினவலாம். ஒரு தோட்டத் தொழிலாளத் தந்தை என்னிடம் நேரிலேயே அவ்வாறு கேட்டார். நியாயமான கேள்வி அது. கப்பல் கட்டணமும் சுவிட்சர்லாந்துப் பள்ளியும் பணத்தால் வந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால், அக்கூழாங்கல்லுக்கு விலை ஏது? மகளின் கேள்வியை மதித்து விடை கூறிய பொறுமைக்கு விலை ஏது? படித்தவர்க்கே இது இயலும் என்பதும் தவறு. “எனக்குத் தெரியவில்லை, கண்ணு, உன் ஆசிரியரைக் கேட்டு வந்து எனக்கும் சொல்” என்று கூறும் தாய், தன் பிள்ளைக்குக் கல்வியின் முதற்படியைக் காட்டிவிட்டாள்.

இதை எழுதும் நானும் குறையற்றவன் அல்லன். என் பாட்டியார் சிறுமியாகத் தம் தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தவர். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாள்களில் அவர் உயிருடன் இருந்தார். உலக நாடுகளின் தலைநகரங்களை மனப்பாடம் செய்திருந்த நான், “பாட்டி, அந்தக் கப்பலில் என்ன உண்டீர்கள்? எங்கே உறங்கினீர்கள்? உங்கள் அப்பா என்ன சொன்னார்?” என்று ஒரு நாளும் கேட்டதில்லை. என் குடும்பத்தின் முதல் வெளிநாட்டுப் பயணம் அது. அதைப் பற்றி என்னிடம் ஒரு வரிகூட இல்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. உங்கள் பிள்ளைகளுக்கு அது நேர வேண்டாம்.

நம்மைச் சுற்றியே ஓர் உலகம்

வெளிநாடு செல்ல இயலாத பெற்றோர் இந்த விடுமுறையில் மூன்று பயணங்களை மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதற்பயணம் மிக அருகில் உள்ளது. பாயான் பாருவிலிருந்து கிழக்கே கடற்கரைக்குச் சென்றால் எதிரே ஜெரஜாக் தீவு தெரியும். முற்காலத்தில் கப்பலில் வந்திறங்கியவர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த தீவு அது. 1926இல் கட்டப்பட்ட “ரஜூலா” என்னும் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை நெடுங்காலம் இணைத்தது. கரையில் அமர்ந்து, உங்கள் குடும்பம் எவ்வூரிலிருந்து, எவ்வாறு வந்தது என்பதைப் பிள்ளைக்குக் கூறுங்கள். முதியவர் வீட்டில் இருப்பின் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாம் பயணம் ஜார்ஜ்டவுன் நகரம். 2008ஆம் ஆண்டு மலாக்காவுடன் சேர்ந்து உலகப் பாரம்பரியத் தலமாக யுனெஸ்கோ அறிவித்த நகரம் இது. அங்கே மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையில் நடந்து பாருங்கள். 1818இல் கட்டப்பட்ட செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர் வழிபடும் கருணைத் தேவி ஆலயம், தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் ஆகியவை ஒரே சாலையை ஒட்டி உள்ளன. அருகே குயின் தெருவில் மகா மாரியம்மன் ஆலயம் இருக்கிறது. நான்கு சமயத்தார் பக்கத்துப் பக்கத்தில் வழிபடும் காட்சியைக் காண அயல்நாட்டார் விமானமேறி வருகின்றனர். நம் பிள்ளைகளுக்கு அது பேருந்துக் கட்டணத்தில் கிடைக்கிறது.

மூன்றாம் பயணம் கொடிமலை. 1923இல் ஓடத் தொடங்கிய மலை இரயில் அங்கு உள்ளது. முன்னர்ப் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். 2011ஆம் ஆண்டு முதல் நேரே உச்சிக்குச் செல்லலாம். மேலே சென்றதும் பிள்ளை, “சூரியனுக்கு அருகில் வந்தும் ஏன் குளிர்கிறது?” என்று கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். தரையே வெயிலில் சூடேறிக் காற்றைச் சூடாக்குகிறது; உயரே செல்லச் செல்லக் காற்று மெலிந்து குளிர்கிறது. நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ அரைப்பாகையளவுக்கு மேல் வெப்பம் குறையும். 833 மீட்டர் உயரமுள்ள கொடிமலையில் ஐந்து பாகையளவு குறைவது அதனால்தான். சுவிட்சர்லாந்து மலைகளில் பனி உருகாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். ஆக, அந்தப் பனிமலைப் பாடத்தைக் கொடிமலையிலேயே கற்கலாம்.

சென்று வரும் பெற்றோருக்கு

வெளிநாடு செல்லும் வாய்ப்புள்ள பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். புறப்படுமுன் நிலப்படத்தை விரித்து, செல்லும் வழியைப் பிள்ளையே விரல் வைத்துக் காட்டச் செய்யுங்கள். சென்ற இடத்தில் நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்து நடங்கள். அவ்வூரில் உழைத்து வாழும் மக்களைக் காட்டுங்கள். விடுதி அறையைத் துப்புரவு செய்பவரிடம் நன்றி கூறப் பழக்குங்கள். திரும்பியபின், அரைப்பக்கமேனும் தமிழில் எழுதச் சொல்லி, அதை நீங்களும் அமர்ந்து படியுங்கள்.

மாணவச் செல்வங்களே! விடுமுறை முடிந்து நீங்கள் பள்ளிக்குத் திரும்பும் நாளில், “எந்த நாட்டுக்குப் போனாய்?” என்று நான் எவரையும் கேட்கப்போவதில்லை. “அம்மாவிடமோ அப்பாவிடமோ என்ன கேட்டாய்? அவர் என்ன சொன்னார்?” என்றே கேட்பேன். அதற்கு விடை கூற ஒருவரும் தலைகுனிய வேண்டியதில்லை. வரும்போது ஆளுக்கொரு கூழாங்கல் கொண்டுவாருங்கள். அது ஐரோப்பாவின் ஏரிக்கரையில் எடுத்ததாயினும், தண்ணீர்மலை ஓடையில் எடுத்ததாயினும், நம் பள்ளியின் அறிவியல் மேசையில் ஒரே வரிசையில் இடம்பெறும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!