காகிதத்தில் அபராதம், கம்பிக்குள் தொழிலாளி

அமெரிக்காவிலே கெனசா மவுண்டன் லாண்டிஸ் என்று ஒரு ஜட்ஜ் இருந்தார். உள்நாட்டு யுத்தத்தில் தகப்பனார் காயம்பட்ட மலையின் பெயரையே 1866ல் பிறந்த பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள்! 1905ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இவரைச் சிக்காகோவில் ஃபெடரல் ஜட்ஜாக, அதாவது மத்திய சர்க்காரின் ஜட்ஜாக நியமித்தார். ஆயுள்வரைக்கும் பதவி. ஓட்டுக் கேட்டு யார் வாசலுக்கும் போக வேண்டியதில்லை.

1907ல் இவர் பெயர் நாடெங்கும் அடிபட்டது. ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி, ரயில் கம்பெனியிடம் சட்டவிரோதமாகச் சரக்குக் கட்டணச் சலுகை பெற்ற வழக்கு. ராக்பெல்லரையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். அபராதம் 2 கோடியே 92 லட்சத்து 40 ஆயிரம் டாலர்! ஏழைகளின் ஜட்ஜ் என்று ஜனங்கள் கொண்டாடினார்கள். மறு வருஷமே மேல் கோர்ட்டு தீர்ப்பைத் தள்ளிவிட்டது. கம்பெனி ஒரு காசு கட்டவில்லை.

அடுத்து 1918. யுத்த காலம். ஐ.டபிள்யூ.டபிள்யூ. சங்கத்தார் சுமார் நூறு பேர் இவர் முன் நிறுத்தப்பட்டார்கள். யார் அவர்கள்? செம்புச் சுரங்கத்தில் பாறை உடைத்தவர்கள், காட்டில் மரம் அறுத்தவர்கள், ஊர் ஊராய்ப் போய்க் கோதுமை அறுத்த விவசாயக் கூலிகள். யுத்த முயற்சிக்கு எதிராகச் சதி செய்தார்கள் என்பது வழக்கு. கூலி உயர்வு கேட்டு நடத்திய வேலைநிறுத்தங்களே சாட்சியமாகக் காட்டப்பட்டன. புழுக்கமாயிருந்தால் கோட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்காருங்கள் என்று ஜட்ஜ் பெருந்தன்மை காட்டினார். விசாரணை ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை. ஜூரிகளுக்கோ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை: எல்லோரும் குற்றவாளிகள்! தலைவர் ஹேவுட், அவரோடு 14 பேர், ஆளுக்கு 20 வருஷம். இதை எந்தக் கோர்ட்டும் புரட்டிப் போட்டுவிடவில்லை. கடைசியாக மிஞ்சியவர்கள் 1923 டிசம்பரில்தான் வெளியே வந்தார்கள், அதுவும் ஜனாதிபதியின் உத்தரவால். ஹேவுட் ஜாமீனில் இருந்தபோதே ருஷ்யாவுக்குப் போய், 1928ல் அங்கேயே இறந்தார்.

சோஷலிஸ்டு தலைவர் விக்டர் பெர்கருக்கும் 20 வருஷம் போட்டார். ஜட்ஜுக்குத் துவேஷம் உண்டு என்று பெர்கர் முன்னமே மனுப் போட்டிருந்தும் அவரே விசாரித்தது தவறென்று 1921ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்துச் செய்தது.

இதற்கிடையே 1920ல் பேஸ்பால் என்ற பந்தாட்டத்தின் கிளப் முதலாளிகள் இவரைத் தங்கள் ஆட்டத்துக்கு அதிபதியாக்கினார்கள். ஜட்ஜ் சம்பளம் 7,500 டாலர், அங்கே 42,500. இரண்டையும் வாங்கிக்கொண்டார். அந்த நாளிலேதான், 1921ல், சிக்காகோ கட்டடத் தொழிலாளர் தகராறில் மத்தியஸ்தராக உட்கார்ந்து கூலியை வெட்டினார்! ஏற்க மறுத்த சங்கங்களை உடைக்க முதலாளிகள் கமிட்டி அமைத்து வெளியாட்களை இறக்கினார்கள். கூச்சல் கிளம்பிய பிறகு, 1922ல் ஜட்ஜ் பதவியை விட்டார்.

பந்தாட்டத்திலும் அதே கைதான். காசு வாங்கித் தோற்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட எட்டு ஆட்டக்காரர்களில் ஏழு பேரை விசாரித்த ஜூரிகள் 1921 ஆகஸ்டில் விடுதலை செய்தார்கள். மறுநாளே எட்டுப் பேருக்கும் ஆயுள் தடை போட்டார் லாண்டிஸ். அவர்களில் ஒருவர் ஜோ ஜாக்சன், சிறு வயதில் பஞ்சாலைக்குப் போய், எழுதப் படிக்கத் தெரியாமலே வளர்ந்தவர். அவர் செய்தாரா இல்லையா என்ற தகராறு இன்றும் தீரவில்லை. லாண்டிஸ் 1944லும் ஜாக்சன் 1951லும் இறந்தார்கள். தடை 2025ல்தான் நீங்கியது.