கடையில் பேசிய கணினி

மாத்தளை நகரின் கடைவீதியில் இரண்டு மணி நேரம் அலைந்த கதையொன்றை இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். நம்முடன் வந்தவர் நம் மாணவர். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். மேற்படிப்புக்குப் போகவிருக்கும் மகனுக்கு மடிக்கணினி வாங்கவென்று தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அவருடைய சட்டைப்பையில் இருந்தது.

முதற் கடையில் விற்பனையாளர் நம்மைப் பார்த்து, “இவருக்கு என்ன மாதிரி வேணும், சேர்?” என்றார். வாங்குபவரோ அவருக்கு எதிரிலேயே நின்றிருந்தார்! கண் தெரியாதவர்களுக்கான மெசின் தம்மிடம் இல்லை என்றும், கொழும்பிலே விசாரிக்கும்படியும் சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டாவது கடையில் வேறு பதில். “அதற்குத் தனியான மென்பொருள் வேணும், சேர். மெசினைவிட அதுதான் விலை கூட” என்றார்கள். ஒரு காலத்தில் இது உண்மையாகவே இருந்தது. இன்று அப்படியன்று என்பதை அந்தக் கடைக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் ‘நரேட்டர்’ என்னும் வசதி 2000ஆம் ஆண்டிலிருந்தே விண்டோஸ் கணினிகளில் உள்ளடங்கி வருகிறது. ஆப்பிள் கணினிகளில் ‘வாய்ஸ்ஓவர்’ 2005இல் வந்தது. இவற்றுக்குத் தனி விலை ஏதும் இல்லை. விலைகொடுத்து வாங்க இயலாதோர் படும் பாட்டைக் கண்டு, மைக்கேல் கரன் என்னும் அவுஸ்திரேலிய இளைஞர் 2006இல் ‘என்.வி.டி.ஏ.’ என்னும் இலவச மென்பொருளை ஆக்கத் தொடங்கினார். ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். அம்மென்பொருள் தமிழையும் படிக்கும். குரலில் இயந்திர வாடை வீசுவது உண்மையே.

வாய்மொழியாக வழங்கிவந்த பௌத்த நூல்கள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பெற்ற இடமென்று மரபு கூறும் அலுவிகாரை, இந்நகருக்கு அருகில்தான் இருக்கிறது. எழுதியதை மீண்டும் ஒலியாக்கும் கருவியை அதே ஊரில் தேடித் திரிகிறோமே என்று எண்ணிக்கொண்டே மூன்றாவது கடையினுள் நுழைந்தோம்.

அங்கிருந்த இளைஞர் திரையின் ஒளியையும் படத்தின் தெளிவையும் நெடுநேரம் புகழ்ந்தார். நம் மாணவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, விசைப்பலகையை ஒருக்கால் தொட்டுப் பார்க்கலாமா?” என்றார். எஃப், ஜே ஆகிய விசைகளின் மேலுள்ள சிறு மேடுகளை விரல் தடவிக் கண்டது. பிறகு விண்டோஸ் விசை, கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினார். கணினி பேசத் தொடங்கியது. கடைக்காரத் தம்பி திடுக்கிட்டு, “ஐயோ, என்னவோ பழுதாகிவிட்டது” என்று ஒலியை அடக்கக் கை நீட்டினார்!

“பழுதில்லை. இதைத்தான் வாங்க வந்தேன்” என்றார் மாணவர். எண்விசைகள் தனியாக வலப்பக்கம் அமைந்த மாதிரி உண்டா, ஒலிபெருக்கி தெளிவானதா, காதில் மாட்டும் கருவிக்குத் துளை உண்டா என்று அடுத்தடுத்துக் கேட்டார். என்.வி.டி.ஏ.யின் கட்டளைகள் பல அவ்வெண்விசைகளில் அமைந்தவை. சிறிய மடிக்கணினியில் அவை இல்லாவிட்டால் வேறு விசைகளைப் பழக வேண்டும். திரையின் அழகைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

விற்பனையாளர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவர்களுக்கு யார் கற்பித்தார்கள்? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் 9ஆம் உறுப்புரை, அணுகும் வசதி குறித்து உரியவர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்கிறது. இப்பயிற்சிக்கு ஒரு பிற்பகலே போதும். மூன்று விசைகளைக் காட்டிக்கொடுக்கும் வேலைதானே! ஆயினும் அது நடவாமையால், ஒரு தாயின் சீட்டுப் பணம் கொழும்புவரை பயணம் போயிருக்கும். அல்லது வேண்டாத மென்பொருளுக்குச் செலவாகியிருக்கும்.

விலை பேசி முடிந்தது. இம்முறை தம்பி நம்மைப் பாராமல் மாணவரிடமே பற்றுச்சீட்டை நீட்டி, அதிலிருந்த தொகையையும் வாசித்துக் காட்டினார். பின்னர் சற்றுத் தயங்கி, “அண்ணா, அந்த மூன்று விசையையும் இன்னொருதரம் சொல்லுங்கள்” என்று கேட்டு ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டார். நாம் வாசற்படி இறங்குகையில், உள்ளே வேறொரு கணினி பேசத் தொடங்கியிருந்தது.