பெயின்ட் அடிப்பது யார் பொறுப்பு?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நல்ல வாடகைதாரராக இருப்பது எப்படி என்று உங்கள் இதழில் வந்த குறிப்புகளைப் படித்தேன். ஐந்தாம் தேதிக்குள் வாடகையைக் கொடுங்கள், சுவரில் கண்ட இடத்தில் ஆணி அடிக்காதீர்கள், மோட்டாரைப் போட்டுவிட்டு மறக்காதீர்கள், மாடிப்படியில் செருப்பைக் குவிக்காதீர்கள். எல்லாம் சரி. மேற்கு மாம்பலத்திலும் அசோக் நகரிலுமாகப் பல வருஷம் வாடகைக்கு இருந்தவள் நான். இவற்றில் ஒன்றைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் வீட்டைக் காலி செய்யும் நாளைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரி இல்லை. தகராறு வருவதே அன்றைக்குத்தான்.

சென்னையில் எங்கும் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. காலி செய்கிறவரின் அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் 'பெயின்டிங்' என்று பிடித்துக்கொள்வார்கள். ஆறு வருஷம் இருந்தாலும் ஒரு மாதம்தான், வேலை மாற்றலாகி எட்டே மாதத்தில் கிளம்பினாலும் ஒரு மாதம்தான். பிள்ளைகள் சுவரெல்லாம் கிறுக்கிய வீட்டுக்கும் அதே தொகை, துடைத்து வைத்தாற்போல் ஒப்படைத்த வீட்டுக்கும் அதே தொகை. அப்படியானால் வீட்டைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டவருக்கு என்ன மரியாதை? சரி, பிடித்த பணத்தில் பெயின்டாவது அடிக்கிறார்களா? நாங்கள் விட்டு வந்த வீட்டுக்கு அடுத்த வாரமே ஆள் குடிவந்துவிட்டார்கள். சமையலறைச் சுவரில் எங்களுக்கும் முன்னால் இருந்தவர் அடித்த ஆணி இன்னும் அப்படியே இருக்கிறதாம். புதிதாக வந்த அம்மாவே சொன்னார். பிடித்த பதினெட்டாயிரத்தைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்டேன். "எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தானேம்மா" என்றார்.

வழக்கம் அது, சட்டம் அதுவல்ல. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு 2017-இல் இயற்றியது. அது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணையில் யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பிரித்தே எழுதியிருக்கிறார்கள். குழாய், குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, ஸ்விட்ச், பிளக் பாயின்ட், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை இவையெல்லாம் வாடகைதாரர் தலையில். கட்டடப் பழுது, குழாய்ப் பதிப்பு, மின்கம்பி வேலை, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது இவை உரிமையாளர் செலவு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளவும் இடம் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. ஆனால் எங்கள் பதினோரு மாத அக்ரிமென்டில் பெயின்ட் என்ற பேச்சே கிடையாது. அந்த வீட்டில் இருந்தவரை வாஷரும் ஸ்விட்சும் எங்கள் காசில்தான் மாற்றினோம். எங்கள் பங்கை நாங்கள் செய்தாயிற்று, அவர் பங்கையும் எங்களிடமே வாங்கிக்கொண்டார்.

பிடித்தம் இவ்வளவு சுலபமாக நடப்பதற்குக் காரணம், பணம் முழுக்க முன்கூட்டியே அவர்கள் கையில் இருப்பது. பழைய சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றது. புதிய சட்டம் அதை மூன்று மாதமாக்கியது. 2021-இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டத்தில் குடியிருப்புக்கு இரண்டு மாதம். நடப்பில்? இன்றும் பத்து மாதம் கேட்கிற டு-லெட் போர்டுகள் தெருவுக்குத் தெரு தொங்குகின்றன. பதினைந்தாயிரம் வாடகை வீட்டுக்கு ஒன்றரை லட்சம் அட்வான்ஸ், புரோக்கருக்கு ஒரு மாதம், முதல் மாத வாடகை, சாமான் வண்டிக் கூலி என்று கூட்டினால் இரண்டு லட்சத்தைத் தொடுகிறது. நகையை அடகு வைக்காமல் இந்தப் பணத்தைப் புரட்டும் நடுத்தரக் குடும்பங்கள் எத்தனை?

சட்டத்திலேயே ஓட்டை இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்ற வரியின் முன்னால், இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி என்று சேர்த்திருக்கிறார்கள். வீடு கிடைக்காமல் வெயிலில் அலைகிறவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்? அந்த ஒரு வரி போதும், முழுப் பாதுகாப்பும் காற்றோடு போக. காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. "அடுத்த பார்ட்டி வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்" என்பதுதான் நாங்கள் கேட்டுப் பழகிய பதில்.

மின்கட்டணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் அரசு அறிவித்தது. சப்-மீட்டர் வைத்த பல வீடுகளில் முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய், பத்து ரூபாய். அரசு தரும் சலுகை மாடிப்படி ஏறி நம் வீட்டுக்கு வருவதில்லை.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது பதிவு விஷயம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிந்து எண் பெற வேண்டும். இதற்கு அரசு இணையதளமே வைத்திருக்கிறது. ஆனால் "பதிவு செய்யலாமா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். "வேறு இடம் பார்த்துக்கோங்க" என்பார். வாடகை வருமானம் கணக்கில் தெரிந்துவிடுமே என்ற கவலை. ஒப்பந்தம் பதிவாகாவிட்டால் சட்டப்படி முறையிடப் போகும் வாடகைதாரரின் கை கட்டப்பட்டுவிடுகிறது. இதற்கும் மேலே ஒன்று. இந்தச் சட்டம் வருமுன்பே குடியிருந்தவர்கள் விஷயத்தில், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே வீட்டைக் காலி செய்யக் கோரும் காரணமாகச் சட்டம் ஏற்கிறது. ஒப்பந்தம் போட மறுத்தவர் யாராக இருந்தாலும் பெட்டி படுக்கையைக் கட்டுகிறவர் குடியிருப்பவர்தான். இதை எழுதியவர்களில் ஒருவராவது வாடகை வீட்டில் இருந்திருப்பாரா என்று சந்தேகம் வருகிறது.

வீட்டுக்காரர்களுக்கும் நியாயம் உண்டு. மாடி வாடகையில் மாத்திரை வாங்கும் வயதானவர்களை எனக்குத் தெரியும்; ஆறு மாத பாக்கி வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போனவர்களையும் தெரியும். பதிவான ஒப்பந்தம் அந்த முதியவருக்கும்தான் துணை. பத்து மாத அட்வான்ஸ் கேட்கத் தோன்றுவது அந்தத் துணை இல்லாத பயத்தால் என்றே நினைக்கிறேன்.

வீட்டுவசதித் துறை முதலில் அந்த 'ஒப்புக்கொண்டிருந்தாலன்றி' என்ற சொற்றொடரை நீக்கி, அட்வான்ஸுக்கு உண்மையான உச்சவரம்பு வைக்க வேண்டும். பதிவு செய்ய மறுக்கும் உரிமையாளருக்கு அபராதம் வேண்டும். ஒப்பந்தம் இல்லாததன் தண்டனை வாடகைதாரர் மேல் விழக் கூடாது. இரண்டாம் அட்டவணையின் தமிழ் வடிவம் ஒவ்வொரு வாடகைப் பத்திரத்தோடும் இணைக்கப்பட வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். வாடகைதாரருக்கு அறிவுரை சொல்ல ஒரு பக்கம் ஒதுக்கினீர்கள். அடுத்த இதழில் அதே அளவு இடம் ஒதுக்கி, அந்த அட்டவணையை அப்படியே அச்சிடுங்கள். வெட்டி எடுத்து அக்ரிமென்டோடு வைத்துக்கொள்ள எங்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாடகை வீட்டு வாசகி,
சென்னை – 33