பி.எப். பணத்தில் வரிப் பிடித்தம்

மில்லை விட்டு வெளியே வந்த தொழிலாளி பி.எப். பணத்துக்கு மனுப் போடுகிறார். கணக்கில் இருந்தது ஒரு லட்சம் ரூபாய். கைக்கு வந்ததோ தொண்ணூறாயிரம். பக்கத்துத் தறியில் நின்றவருக்கு எண்பதாயிரம்தான் வந்தது. மீதி எங்கே என்று கேட்டால், "வருமான வரிக்குப் பிடித்தாகிவிட்டது" என்று பதில் வருகிறது.

மாதம் 12,000 ரூபாய் கூலி வாங்கியவருக்கு வருமான வரியா? இந்தக் கேள்வியைத் தொழிலாளி கேட்பதில்லை. சர்க்கார் பிடித்தால் அது போனதுதான் என்று தலையில் கை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அப்படிப் போகக் கூடாது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? தொடர்ந்து ஐந்து வருஷம் வேலை செய்தவர் எடுக்கும் பி.எப். பணத்துக்கு வரி கிடையாது. ஐந்து வருஷம் முடியுமுன் எடுத்தால் அது வருமானமாகக் கணக்கிடப்படும். 2015 ஜூன் 1 முதல் இன்னொரு கத்தியும் வந்தது. ஐந்து வருஷம் முடியாதவரின் பணம் 30,000 ரூபாயை எட்டினால், கொடுக்கும்போதே நூற்றுக்குப் பத்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சட்டத்தில் எழுதினார்கள். 2016 ஜூன் முதல் அந்த வரம்பு 50,000 ஆயிற்று. அதன்பின் விலைவாசி எங்கோ போய்விட்டது. வரம்பு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பான் கார்டு இல்லாத தொழிலாளிக்குத் தண்டனை இன்னும் கடுமை. 2023 மார்ச் வரை நூற்றுக்கு 34 ரூபாய்க்கு மேல் பிடித்தார்கள். 2023 ஏப்ரல் முதல் அது 20 ரூபாய்.

இங்கே ஒன்றை மனதில் அழுத்தமாகப் பதித்துக்கொள்ள வேண்டும். பிடித்தம் வேறு, வரி வேறு. பிடித்தம் என்பது சர்க்கார் முன்கூட்டி எடுத்து வைத்துக்கொள்ளும் பணம். வருஷ முடிவில் கணக்குப் பார்க்கும்போது வரி அதைவிடக் குறைவு என்றால் மிச்சத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். வரியே இல்லையென்றால் முழுவதையும் திருப்பித் தந்தாக வேண்டும். இதற்குத்தான் ரீபண்ட் என்று பெயர். இது தர்மமல்ல, சலுகையுமல்ல. தொழிலாளியின் சொந்தப் பணம்.

கணக்கைப் பார்ப்போம். மாதம் 12,000 ரூபாய் கூலி என்றால் தொழிலாளியின் பங்கு 12 சதவிகிதம், அதாவது 1,440 ரூபாய். முதலாளி பங்கும் 12 சதவிகிதம், அதில் 8.33 சதவிகிதம் பென்ஷனுக்குப் போய்விட, சுமார் 440 ரூபாய் பி.எப்.பில் சேரும். ஆக மாதம் 1,880 ரூபாய். நாலு வருஷத்தில் 90,240 ரூபாய். வட்டியோடு லட்சத்தைத் தாண்டும். லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வருஷம் முழுவதும் மில்லில் வேலை செய்திருந்தாலும் கூலி 1,44,000 ரூபாய். எடுத்த லட்சத்தையும் அப்படியே சேர்த்தால் 2,44,000. 2025 ஏப்ரலில் தொடங்கிய வருஷத்திலிருந்து புதிய வரிமுறையில் நாலு லட்சம் வரை வரியே இல்லை. பன்னிரண்டு லட்சம் வரை சம்பாதிப்பவருக்கும் தள்ளுபடி போகக் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. அப்படியானால் இந்தத் தொழிலாளி கட்ட வேண்டிய வரி எவ்வளவு? சைபர். பிடித்தது எவ்வளவு? பான் இருந்தால் 10,000, இல்லாவிட்டால் 20,000. இந்த இருபதாயிரம் அவர் பத்து மாதத்துக்கு மேல் சேர்த்த பணம்!

பன்னிரண்டு லட்சக்காரர் ஆடிட்டரை வைத்துத் தமக்கு வர வேண்டியதைக் கடைசிப் பைசா வரை வாங்கிக்கொள்கிறார். இரண்டு லட்சக்காரரோ கேட்க வழி தெரியாமல் விட்டுவிடுகிறார். ஏழையின் அறியாமையே கஜானாவுக்கு வருமானமாக இருப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி?

ஐந்து வருஷம் என்ற நிபந்தனை யாரைக் குத்துகிறது என்பதையும் பாருங்கள். ஐந்து வருஷம் ஒரே இடத்தில் வேலை கிடைப்பவர் நிரந்தரத் தொழிலாளி. காண்டிராக்ட் தொழிலாளிக்கும், பனியன் கம்பெனிகளில் ஆர்டர் உள்ளவரை மட்டும் வேலை பார்ப்பவருக்கும் அந்தப் பாக்கியம் ஏது? நம் மேற்கு மாவட்டங்களின் நூற்பு மில்களில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் சேர்த்தது ஊரறிந்த கதை. மூன்று வருஷத்தில் வேலையை முடித்து அனுப்புவது முதலாளி. ஐந்து வருஷம் ஏன் முடியவில்லை என்று பிடித்தம் செய்வது சட்டம். இடையில் நசுங்குவது அந்தப் பெண்.

ஆனால் சட்டத்திலேயே தொழிலாளிக்கு உதவும் இடங்களும் உண்டு. அவற்றை யாரும் தேடி வந்து சொல்வதில்லை. உடல்நலம் கெட்டு வேலையை விட நேர்ந்தாலும், முதலாளி தொழிலை மூடினாலும் சுருக்கினாலும், தொழிலாளியின் கைக்கு மீறிய வேறு காரணத்தால் வேலை போனாலும் ஐந்து வருஷ நிபந்தனை பொருந்தாது. அந்தப் பணத்துக்கு வரி இல்லை. பிடித்தமும் செய்யக் கூடாது. ஆகவே மில் மூடப்பட்டால், ஆட்குறைப்பு நடந்தால், காரணத்தை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். "தானாகவே வேலையை விட்டார்" என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஒரு வரி உங்கள் உரிமையைப் பறித்துவிடும்.

இனி, செய்ய வேண்டியவை.

முதலாவது: ஒரு மில்லை விட்டு இன்னொரு மில்லுக்குப் போகிறவர் பழைய பி.எப். பணத்தை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் பழைய மில்லின் வருஷங்களும் ஐந்து வருஷக் கணக்கில் சேரும். இரண்டு வருஷமும் மூன்று வருஷமும் சேர்ந்து ஐந்தாகும். மாற்றுவதற்குப் பிடித்தமும் கிடையாது.

இரண்டாவது: பான் கார்டு வாங்கி, அதை ஆதாரோடு இணைத்து, பி.எப். கணக்கிலும் பதிவு செய்ய வேண்டும். இணைக்காத பான் செல்லாத பானாகவே கருதப்படும். பான் இல்லாமல் பிடித்த பணம் தொழிலாளியின் வரிக் கணக்கில் ஏறாது. பிறகு அதைத் திரும்பப் பெறுவது குதிரைக் கொம்புதான்.

மூன்றாவது: வரி கட்டுமளவு வருமானம் இல்லாதவர் பணத்துக்கு மனுப் போடும்போதே அதற்கான உறுதிமொழிப் படிவத்தையும் கொடுக்க வேண்டும். 1961ம் வருஷத்துச் சட்டத்தில் இதற்கு 15-ஜி என்று பெயர். அறுபது வயதானவருக்கு 15-எச். 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கென 2025ல் இயற்றிய புதுச் சட்டத்திலும் இந்த உறுதிமொழிக்கு இடமுண்டு. இதைப் பானோடு சேர்த்துக் கொடுத்தால் பிடித்தமே இல்லை. உறுதிமொழி உண்மையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நாலாவது: பிடித்தம் நடந்துவிட்டதா? வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். தாக்கல் செய்யாமல் ரீபண்ட் வராது. ஜூலையில் வழக்கமான கெடு தவறினாலும் டிசம்பர் 31 வரை வழி உண்டு. வரித் துறையின் தளத்தில் தாக்கல் செய்யக் கட்டணம் இல்லை. "வாங்கித் தருகிறேன், பாதி கொடு" என்று வரும் தரகரிடம் ஏமாறாதீர்கள்.

வயலில் நிற்கும் விவசாயத் தொழிலாளி, "எனக்கோ பி.எப்.பே இல்லை, இதில் எனக்கென்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதுமைக்கென்று ஒரு பைசா சேமநிதி இல்லாமல் உழைத்துத் தேய்கிறவர் அவர். ஆனால் அவர் மகள் மில்லில் இருக்கிறாள். மகன் திருப்பூருக்குப் போயிருக்கிறான். மழை பொய்த்த வருஷத்தில் அந்த வீட்டுக் கடனை அடைப்பது அவர்கள் எடுத்து வரும் பி.எப். பணம்தான். அதில் குறைகிற பத்தாயிரம் வயல்காட்டுக் குடும்பத்தின் அடுப்பில்தான் குறைகிறது.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் கடமை உண்டு. சங்க அலுவலகத்தில் வாரம் ஒரு நாள், படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு தோழர் உட்கார வேண்டும். கூலி உயர்வுக்குப் போராடி வாங்கியதைப் பிடித்தத்தில் விட்டுவிடுவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதாகும்.

சர்க்காரிடம் நாம் கேட்பது அதிகமல்ல. 50,000 என்ற வரம்பை உயர்த்து. தொழிலாளியின் மாதக் கூலி எவ்வளவு என்பது பி.எப். அலுவலகத்தின் ஏட்டிலேயே இருக்கிறது. வரி வரம்புக்கு எட்டாத கூலிக்காரரிடம் பிடிப்பதை நிறுத்து. மனுவைத் தமிழில் தா. ஐந்து வருஷ நிபந்தனையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளருக்கு விலக்குக் கொடு.

நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு 2016ம் வருஷத்தை நினைவூட்டுகிறோம். அவ்வருஷம் பட்ஜெட்டில், எடுக்கும் பி.எப். பணத்தில் 60 சதவிகிதத்துக்கு வரி வரும்படி திட்டம் கொண்டுவந்தார்கள். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. மார்ச் 8ந் தேதி நிதி மந்திரி அருண் ஜேட்லி அதை வாபஸ் வாங்கினார். முதலாளி பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று இன்னொரு உத்தரவு வந்தது. ஏப்ரலில் பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிலாளிகள், பெரும்பாலும் பெண்கள், தெருவில் இறங்கினார்கள். ஏப்ரல் 19ந் தேதி அந்த உத்தரவும் வாபஸாயிற்று.

அந்தப் பெண்கள் தங்கள் பணத்தின் கணக்கை அறிந்திருந்தார்கள், ஒன்றாகவும் நின்றார்கள். நாமும் கணக்கை அறிவோம். பிடித்ததைத் திரும்ப வாங்குவோம். இனிப் பிடிக்காமலிருக்கச் செய்வோம்.