‘நாம்’ என்னும் சொல்லும் மலையேறும் அலுவலகமும்

திருப்பதியைச் சுற்றியுள்ள தொழில் வளாகங்களில் கோடைக்குச் சற்று முன்பு ஓர் அழைப்பிதழ் சுற்றுக்கு வரும். ஸ்ரீசிட்டியானாலும் ரேணிகுண்டாவானாலும் அதன் வாசகம் அதிகம் மாறுவதில்லை. வெள்ளி மாலை பேருந்து. பீலேர், மதனப்பள்ளி வழியாக ஹார்ஸ்லி மலை. சனி, ஞாயிறு இரு நாளும் தலைமைத்துவப் பயிற்சி. குடும்பத்தாரையும் அழைத்து வரலாம். செலவு முழுவதும் நிறுவனத்துடையது. ‘கட்டாயம்’ என்ற சொல் அதில் இராது. ‘அனைவரையும் எதிர்பார்க்கிறோம்’ என்றுதான் இருக்கும். அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியவர் யார் என்பது அடுத்த அப்ரைசலின்போது யாருக்கும் மறந்திருக்காது.

இவ்வழைப்பைப் பரிசாகக் கருதுவதே பொதுவழக்கு. ஆனால் அது வேலை. ஊதியம் பெறுபவரின் ஓய்வுநாளை மட்டுமன்றி, அந்நிறுவனத்திடம் ஒரு காசும் பெறாத மனைவி, கணவர், பிள்ளைகள் ஆகியோரின் நாளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் வேலை. அது வேலையாகத் தெரியாமலிருப்பதற்கு மலைக்காற்று ஒரு காரணம். மொழி அதைவிடப் பெரிய காரணம்.

மலையின் பெயரிலிருந்தே தொடங்கலாம். 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இம்மலைக்கு மக்கள் வழங்கிய பெயர் ஏனுகு மல்லம்மா கொண்டா. யானைகள் பேணிக் காத்த மல்லம்மாவின் மலை என்பது கதை. மதனப்பள்ளி கடப்பை மாவட்டத்தோடு சேர்ந்திருந்த 19ஆம் நூற்றாண்டில், கடப்பைக் கலெக்டர் டபிள்யூ. டி. ஹார்ஸ்லி வெயிலுக்கு ஒதுங்க இங்கே ஒரு பங்களா கட்டினார். மல்லம்மா போனாள், ஹார்ஸ்லி நின்றார். பங்களாவுக்குக் கல்லும் மரமும் சுமந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. தலைமைத்துவம் குறித்து அம்மலையில் கற்கத்தக்க முதற்பாடம் இதுவாக இருக்கலாம். பயிற்சித் திட்டத்தில்தான் அதற்கு இடமில்லை.

பயிற்சி ஏன் மலையில் நடக்கவேண்டும்? குளிரூட்டிய அரங்குகள் ஸ்ரீசிட்டியிலேயே உண்டு. இக்கேள்விக்கு ஒரு மரியாதைக்குரிய விடை இருந்தது. 1947இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து பெத்தெல் என்னும் சிற்றூரில், கர்ட் லெவினின் சிந்தனைவழி வந்தோர் குழுப் பயிற்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கினர். அன்றாடச் சூழலிலிருந்து ஆளைப் பெயர்த்தெடுத்து ஒரு ‘பண்பாட்டுத் தீவில்’ வைத்தால், அவர் தம் பதவியையும் பழக்கத்தையும் கழற்றி வைத்துவிட்டுத் தம்மையே பார்க்க இயலும் என்பது கருத்து. அதற்காகவே தொலைவான ஊர். அதற்காகவே ஒருவரையொருவர் அறியாதோர் அடங்கிய குழுக்கள். அத்தீவின் இன்றியமையாத நிபந்தனை, கற்பவரின் மேலதிகாரி அங்கே இருக்கக்கூடாது என்பதே. இன்றைய மலைப்பயிற்சி தீவை மட்டும் வைத்துக்கொண்டு நிபந்தனையைக் கைவிட்டது. மேலாளர் வருகிறார், அவருக்குக் கீழிருப்போர் வருகிறார்கள், இரு தரப்பாரின் பிள்ளைகளும் வருகிறார்கள். பதவியைக் கழற்றி வைப்பதற்குப் பதிலாக, அதை இரவுணவு மேசைவரை அணிந்திருக்க வேண்டியதாகிறது. 1941இல் வேல்ஸ் கடற்கரையில் குர்ட் ஹானும் லாரன்ஸ் ஹோல்ட்டும் தொடங்கிய வெளிப்புறப் பயிற்சிக்கும் இதே கதிதான். கப்பல் மூழ்கினால் இளம் மாலுமி உயிர்தப்ப வேண்டும் என்பதற்காக உருவான முறை, காலாண்டு இலக்குக்காகக் கயிறு பிடித்துத் தொங்கும் விளையாட்டாகச் சுருங்கியிருக்கிறது.

சனிக்கிழமை காலை, பெங்களூரிலிருந்து வந்த பயிற்றுநர் மேடையேறி ஆங்கிலத்தில் தொடங்குகிறார்: நாம் ஒரே குடும்பம். கைதட்டல் எழுகிறது. அந்த வாக்கியத்தை மொழிபெயர்க்கச் சொன்னால் என்ன நேரும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். தமிழில் தன்மைப் பன்மை இரண்டு: கேட்பவரை உள்ளே சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’, அவரை வெளியே நிறுத்தும் ‘நாங்கள்’. தெலுங்கிலும் அவ்வாறே ‘மனம்’, ‘மேமு’. (அந்தத் தெலுங்குச் சொல் தமிழ்க் காதில் உள்ளம் என்னும் பொருளில் விழுவது பயிற்றுநர்களுக்கு மகிழ்ச்சியளிக்கக்கூடும்.) கன்னடத்தில் இவ்வேறுபாடு மங்கிவிட்டது, ஆங்கிலத்தில் அது இருந்ததே இல்லை. ஆகவே ஆங்கிலத்தில் பேசுபவர் எந்த ‘நாம்’ என்பதைச் சொல்லாமலே ஒரு முழு நாளைக் கடத்திவிட முடிகிறது. சித்தூர் மாவட்டத்து நாவுக்கு அந்த வசதி இல்லை. வாய் திறந்தவுடன் அது தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

தேர்ந்தெடுக்கும்போது உண்மை வெளிப்படுகிறது. ‘இந்த ஆண்டு இலக்கை எட்டியாக வேண்டும்’ என்ற வாக்கியத்தில் ‘மனம்’ இயல்பாகப் பொருந்தும். ‘ஊர்களுக்குச் செல்லும் பேருந்துத் தடங்களைக் குறைக்க முடிவு செய்திருக்கிறோம்’ என்பதில் ‘மேமு’ தவிர வேறெதுவும் பொருந்தாது. உழைப்புக்கு ஒரு பன்மை, முடிவெடுப்புக்கு வேறொரு பன்மை. இலாபப் பங்கீடு எந்தப் பன்மையில் நடக்கிறது என்பதை விளக்க மொழியியல் பட்டம் தேவையில்லை.

‘குடும்பம்’ என்ற சொல்லுக்கும் இதே சோதனையை வைக்கலாம். குடும்பம் இருக்குமிடத்தில் உறவுப்பெயர் இருக்கும். உற்பத்திக் கூடத்தில் அது உண்மையாகவே இருக்கிறது. ‘அண்ணா’, ‘அக்கா’ என்று தமிழரும் தெலுங்கரும் ஒரே சொற்களால் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்கிறார்கள். அந்த அழைப்பு வெறும் மரியாதையன்று. அண்ணனிடம் நூறு ரூபாய் கைமாற்று கேட்கலாம்; ஷிப்ட் மாற்றித் தரச் சொல்லலாம்; தவறு செய்தால் சண்டைக்கும் போகலாம். நிர்வாக இயக்குநரைப் ‘பெரியப்பா’ என்று யாரும் அழைப்பதில்லை, அழைத்தால் ஹெச்.ஆர். அறையிலிருந்து ஆள் வரும். உறவுப்பெயர் இல்லாத, உரிமை கோர இயலாத, ஒரு மாத அறிவிப்பில் உறுப்பினரை நீக்கிவிடக்கூடிய ஒரு குடும்பத்தை எந்த இலக்கணத்தில் சேர்ப்பது?

உண்மையான குடும்பத்தை மலைக்கு அழைப்பதன் நோக்கத்தை அமெரிக்கர்கள் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். 1951இல் வில்லியம் ஒயிட் ‘ஃபார்ச்சூன்’ இதழில் மேலாளர்களின் மனைவியரைப் பற்றி எழுதினார். கணவரைப் பணியமர்த்துமுன் மனைவியையும் நிறுவனம் அளந்து பார்ப்பதை அக்கட்டுரை பதிவு செய்தது. ரோசபெத் மாஸ் காண்டர் 1977இல் வெளியிட்ட நூல், ஊதியமில்லாமலே நிறுவனத்துக்கு உழைக்கும் மனைவியருக்கு ஓர் இயலையே ஒதுக்கியது. ஹார்ஸ்லி மலையின் சனிக்கிழமை இரவு அதன் உள்ளூர்ப் பதிப்பு. தீமூட்டி நாற்காலிகளை வட்டமாகப் போட்டபின், ஓர் அணித்தலைவரின் மனைவியை மேடைக்கு அழைத்து, ‘சாரிடம் உங்களுக்குப் பிடிக்காதது என்ன?’ என்று கேட்பார்கள். ‘வீட்டுக்கு நேரத்தோடு வரமாட்டார்’ என்பார் அவர். எல்லோரும் சிரிப்பார்கள், மேலாளரும் சிரிப்பார். பதிலளித்ததற்கு ஒரு பரிசுப்பொட்டலமும் கிடைக்கும். ஒரு தொழிற்சங்கக் கூட்டத்தில் கோரிக்கையாக எழுந்திருக்க வேண்டிய வாக்கியம் அங்கே நகைச்சுவைத் துணுக்காகச் செலவாகிவிடுகிறது. பெண் அணித்தலைவரின் நிலை இன்னும் கடினம். கணவரை அழைத்துவந்தால் அவர் முகம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டு வந்தால் இரண்டு நாள் வீட்டுச் சமையலுக்கு மாமியாரிடம் சொல்லிவிட்டு வரவேண்டும்.

அந்தப் பேருந்தில் ஏறாதவர்களையும் கணக்கெடுக்க வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளர், கேண்டீன்காரர், காவலாளி, விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்கள் ஆகியோர்க்கு இக்‘குடும்பத்தில்’ அழைப்பில்லை. சனிக்கிழமையும் உற்பத்தி ஓடுகிறது. தலைவர்கள் அனைவரும் மலையில் இருக்கையில் எதுவும் நின்றுவிடவில்லை என்பதிலிருந்து யாரும் எந்த முடிவுக்கும் வருவதில்லை.

மலை, குடும்பம், தலைமை என்னும் மூன்றும் ஒன்றுசேர்வது தமிழருக்குப் புதிதன்று. இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களும் கங்காணி முறையால் நிரப்பப்பட்டன. அன்றைய சித்தூர் வட்டமும் அடங்கியிருந்த வட ஆர்க்காடு, மலாயாவுக்கு ஆளனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று. கங்காணி வெளியாளன்று, சொந்த ஊர்க்காரன், பெரும்பாலும் உறவினன். தனியாளைவிடக் குடும்பமாக வருவோரை இலங்கைத் தோட்டங்கள் விரும்பின. குடும்பத்தோடு வந்தவர் எளிதில் ஓடிப்போவதில்லை, பெண்களின் கை கொழுந்துக்கும் வேண்டும். வேலைக்கு வந்த தலைகளை எண்ணிக் கங்காணிக்குக் காசு கிடைத்தது. தலைமை என்பது அங்கே தலைக்கணக்காக இருந்தது. இலங்கையில் கடனோடு ஆளைக் கைமாற்றிய துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. மலாயாவுக்கான ஆட்சேர்ப்பை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது. இன்றைய அணித்தலைவரைக் கங்காணி என்பது மிகை. அவருக்கு முன்கடனும் இல்லை, துண்டும் இல்லை. ஆயினும் உறவின் பிடியை உழைப்பின் பிடியாக மாற்றும் உத்தி ஒன்றே.

அணித்தலைவர் என்ற பட்டத்தில் சட்டச் சிக்கல் ஒன்றும் உண்டு. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் நிர்வாகப் பொறுப்பில் இருப்போரைத் தொழிலாளி என்னும் வரையறைக்கு வெளியே வைத்தது. அதன் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்பு, மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வையாளரையும் வெளியே வைக்கிறது. பதவிப்பெயரைவிடச் செய்யும் வேலையே முக்கியம் என்று நீதிமன்றங்கள் கூறிவந்திருப்பது உண்மை. ஆனால் நீதிமன்றம்வரை போகிறவர் எத்தனை பேர்? ‘நீ தொழிலாளியல்லன், தலைவன்’ என்று மலையில் இரண்டு நாள் கேட்டுத் திரும்பியவர், தமக்குரிய பாதுகாப்பைத் தாமே கேட்க நாணுவார். 2025 ஜூனில் ஆந்திர அமைச்சரவை நாள் வேலைநேர வரம்பை 9 மணியிலிருந்து 10 மணியாக உயர்த்த ஒப்புதல் அளித்த மாநிலம் இது. இங்கே ஞாயிற்றுக்கிழமையின் மதிப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது.

‘அந்தக் குடும்பம் வேறெப்போது மலையைப் பார்க்கும்?’ என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வியைப் புறந்தள்ள முடியாது. குளிர்காற்றில் நின்ற குழந்தையின் மகிழ்ச்சி பொய்யன்று. அப்பெண்ணுக்கு இரண்டு நாள் அடுப்பிலிருந்து விடுதலை என்பதும் பொய்யன்று. ஆனால் மைய அரசு ஊழியருக்கு விடுப்புப் பயணச் சலுகை இருக்கிறது. நான்காண்டுக்கு ஒருமுறை அவர் குடும்பத்தோடு நாட்டின் எந்த மூலைக்கும் போகலாம்; பயணச்செலவை அரசு தரும்; மேலதிகாரி உடன் வரமாட்டார். மலையைக் காட்டுவதுதான் நோக்கமென்றால் வழி ஏற்கெனவே இருக்கிறது. விடுப்பையும் பணத்தையும் கொடுத்துவிட்டால் குடும்பம் தானே பேருந்து ஏறும். திருப்பதியில் ‘கொண்டக்குப் போகிறோம்’ என்றால் திருமலை என்றே பொருள். அலிபிரியிலிருந்து 3,550 படி ஏறுவோரில் உடன் வேலை செய்வோரும் அவர்தம் குடும்பங்களும் சேர்ந்தே ஏறுகிறார்கள். ஒருவர் பிள்ளையை மற்றவர் தூக்கிக்கொள்கிறார். அதற்கு யாரும் மதிப்பெண் இடுவதில்லை. மேலே சென்றபின் வி.ஐ.பி. பிரேக் தரிசனம் இருக்கிறது என்பது வேறு கதை.

பயிற்சி தேவையென்றால் வேலைநாளில், வேலைநேரத்தில் நடக்கட்டும். மலையில்தான் நடத்துவோம் என்றால் அவ்விரு நாளும் வருகைப்பதிவேட்டில் பணிநாளாக ஏறவேண்டும். ஈடான விடுப்பு அதே மாதத்தில் கிடைக்கவேண்டும். குடும்பத்தை மேடையேற்றக் கூடாது. இவை பெரிய புரட்சியல்ல.

பல்கலைக்கழகத்தார் இதைப் படித்துத் தொழிற்சாலைகளை நோக்கிப் புன்னகைக்க வேண்டியதில்லை. துறை முழுவதும் குடும்பத்தோடு தலக்கோனாவுக்கோ ஹார்ஸ்லி மலைக்கோ ‘திறன் மேம்பாட்டு’க்காகச் செல்லும்போது, ஆசிரியர்களுக்கு அது பணிநாள். பேருந்து பேசியவர், அறை ஒதுக்கியவர், பேராசிரியரின் பேரக்குழந்தைக்குப் பால் சுடவைத்துத் தந்தவர் ஆகியோர் ஆய்வு மாணவர். உதவித்தொகை ஐந்து மாதமாக வராதவரும் அவர்களுள் இருப்பார். திரும்பியதும் ‘துறையே ஒரு குடும்பமாக’ என்று தொடங்கும் அறிக்கையை எழுதும் பொறுப்பும் அவர்களில் ஒருவரிடமே வருகிறது. தெலுங்கில் எழுதச் சொல்லியிருந்தால் ‘மனம்’ என்பதா, ‘மேமு’ என்பதா என்று அவர் சற்று நிற்க நேர்ந்திருக்கும். அறிக்கை ஆங்கிலத்தில் கேட்கப்படுவதால் அன்றிரவே எழுதி அனுப்பிவிடுகிறார்.