கன்னம் வீங்கினால் சீழா?

வீங்கிய கன்னத்தோடு பலெர்மோவின் பல்லாரோ சந்தைக்குள் நுழைந்து பாருங்கள், ஒரு மரக்கறிக் கடையைத் தாண்டுவதற்குள் நாலு வைத்தியர் கிடைப்பார்கள். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைக் கழற்றிய மூன்றாம் நாள் கத்தரிக்காய் வாங்கப் போன எனக்கு அதுதான் நடந்தது. "ஐயோ தம்பி, சீழ் பிடிச்சிட்டுது. என்னட்டை அகுமென்டின் மிச்சம் கிடக்கு, வந்து எடுத்துக்கொண்டு போ. இரவைக்கு உப்பு வறுத்து நல்லா ஒத்தடம் குடு" என்றார் தெரிந்த மாமி ஒருவர். அன்பில் ஒரு குறையும் இல்லை. சொன்ன மருத்துவம்தான் பிழை. இதே பேச்சைக் கோயிலிலும் கேட்கிறேன், பிறந்தநாள் வீட்டிலும் கேட்கிறேன். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் வீக்கம். பல்லை எலும்பிலிருந்து அசைத்து எடுக்கும்போது சுற்றியுள்ள தசை காயப்படுகிறது. காயப்பட்ட இடத்துக்கு உடம்பு நீரையும் இரத்த அணுக்களையும் அனுப்புகிறது. முழங்கால் அடிபட்டால் வீங்குவதும் இப்படித்தான். இந்த வீக்கம் பல் கழற்றிய அன்று அவ்வளவாகத் தெரியாது. இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும், நாலாம் நாளிலிருந்து வடியத் தொடங்கும். "நேற்றைவிட இண்டைக்குப் பெருத்திட்டுது" என்று பயந்து மூன்றாம் நாள் குளிசை தொடங்குகிறவர், நாலாம் நாள் வீக்கம் இறங்கியதும் குளிசையைக் கும்பிடுகிறார். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை.

"குழிக்குள் வெள்ளையாகத் தெரியுதே, அது சீழ்தானே?" என்பார்கள். கைபேசி வெளிச்சத்தில் கண்ணாடி முன் வாயைத் திறந்து நானும் பார்த்தேன். முதல் நாள் கருஞ்சிவப்பாக, உறைந்த ஜெலி போல ஓர் இரத்தக் கட்டி இருந்தது. மூன்றாம் நாள் அதன் மேல் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு மெல்லிய ஏடு, காய்ச்சிய பாலில் படிவதுபோல. அந்த ஏடு புண் ஆறுவதன் அடையாளம். அதைச் சீழ் என்று நினைத்துப் பஞ்சால் துடைத்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். வீடு கட்டப் போட்ட சாரத்தைப் பாதியில் பிடுங்குகிற வேலை அது.

மாமி தருவதாகச் சொன்ன அகுமென்டின் ஓர் அன்டிபயோட்டிக். அந்த விஷயத்தைச் சும்மா கடந்துபோக முடியாது. மிலான் பல்கலைக்கழகத்தின் ஜொவான்னி லோதி தலைமையில் 2021இல் வந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பெரும்பாலும் ஞானப்பல் கழற்றிய ஆரோக்கியமானவர்களைப் பார்த்தது. ஒருவருக்குத் தொற்று வராமல் தடுக்க ஏறத்தாழ 19 பேர் மருந்து விழுங்க வேண்டும் என்பது அதன் கணக்கு. இருதய வால்வு மாற்றியவருக்கோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கோ பல் டொக்டரே யோசித்து எழுதித் தருவார், அது வேறு கதை. மாமியின் லாச்சிக்குள் கிடந்த மிச்சக் குளிசை வேறு. 2015ஆம் ஆண்டுக்கான ஐரோப்பிய மதிப்பீடு ஒன்றின்படி, மருந்துக்கு அடங்காத கிருமிகளால் அந்த ஒரே ஆண்டில் சுமார் 33,000 பேர் இறந்தார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு நாங்கள் வாழும் இந்த இத்தாலியில்.

லாச்சியில் மருந்து சேர்வதன் காரணமும் எனக்குத் தெரியும். இங்கே பெரியவர்களின் பல் வைத்தியம் பெரும்பாலும் சொந்தக் காசில்தான். திரும்பவும் டொக்டரிடம் போகப் பயம் நோவுக்கல்ல, பில்லுக்கு. ஆனால் கழற்றிய பல்லைப் பற்றித் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்பதற்குக் காசு கேட்பது அரிது.

உப்பு ஒத்தடம்? முதல் நாள் சூடு வைத்தால் இரத்தம் கூடுதலாக ஓடி வீக்கத்தைக் கூட்டும். அன்றைக்கு வேண்டியது குளிர். உறைந்த பட்டாணிப் பையைத் துவாயில் சுற்றிக் கன்னத்தில் இருபது நிமிடம், பிறகு இருபது நிமிடம் ஓய்வு. உப்புத் தண்ணீரும் 24 மணி நேரம் கழித்துத்தான். அதுவும் வாயில் வைத்து மெல்லச் சரித்து விட வேண்டும். 'களக் களக்' என்று கொப்பளித்தால் இரத்தக் கட்டி கழன்று எலும்பு வெளியே தெரியும். கிரனீத்தா என்ற ஐஸ் பானம் குடிக்கலாம், ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சக் கூடாது. சிகரெட்டும் வேண்டாம். நோவு குறைந்து வந்து, மூன்று நாலு நாளில் திடீரென்று காதுவரை இழுத்தால் அது 'டிரை சொக்கெட்' ஆக இருக்கலாம். அதில் பெரும்பாலும் வீக்கமே இராது. டொக்டர் கழுவி மருந்து வைத்தால் அடங்கும், அன்டிபயோட்டிக்கால் அல்ல.

"பனடோல் கேட்கேல்லை, தக்கிப்பிரினாவும் போட்டன்" என்று சொல்லாத வீடு குறைவு. ஊரிலிருந்து கொண்டுவந்த பனடோலும் இங்கத்தைய தக்கிப்பிரினாவும் ஒரே பரசிட்டமோல். பெரியவருக்கு ஒரு நாளில் 4 கிராம்தான் எல்லை, தாண்டினால் அடி ஈரலுக்கு. அதேபோல் ஓக்கியும் புரூஃபெனும் ஒரே சாதி நோவு மருந்துகள், இரண்டையும் சேர்க்கக் கூடாது. பரசிட்டமோலோடு 400 மில்லிகிராம் இபுபுரொஃபென், சாப்பாட்டுக்குப் பிறகு. பல்நோவுக்கு நல்ல சோடி இதுதான். வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம், கர்ப்பம், இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்து என்று ஏதாவது இருந்தால் முதலில் டொக்டரைக் கேளுங்கள்.

"பல்லுத்தானே, நாளைக்கே வேலைக்குப் போ" என்பதும் தவறு. குனிந்து நிலம் துடைப்பவருக்கும் முதியவரைத் தூக்கி இருத்துபவருக்கும் தலைக்கு இரத்தம் ஏறி மறுபடி கசியும். ஓரிரு நாள் லீவு கேளுங்கள். சைவரும் வேதக்காரருமாக நாங்கள் ஏறுகிற மொந்தே பெல்லெக்ரினோ மலை அங்கேயேதான் இருக்கும். அங்குள்ள புனிதை சாந்தா ரொசாலியாவிடம் அடுத்த ஞாயிறும் போகலாம்.

மாமி ஒரேயடியாகப் பிழை என்றும் நான் சொல்லவில்லை. சீழ் பிடிப்பதும் உண்டு. நாலாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் கூடினால், காய்ச்சல் 38ஐத் தாண்டினால், வாயில் கெட்ட சுவையோடு ஏதாவது வடிந்தால், அன்றே பல் டொக்டரிடம் போங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால், நாக்குக்குக் கீழே வீங்கிக் கழுத்துக்கு இறங்கினால், யாரிடமும் யோசனை கேட்க வேண்டாம். 112ஐ அழையுங்கள்.